ஓசூர் குளிரும் கட்டிலுக்கடியில் ஐந்து பைகளும்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியவர்களுக்கு இந்த ஊரின் குளிர் தெரியும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டீக்கடை பாய்லரைச் சுற்றி ஸ்வெட்டரும் மப்ளருமாக ஆட்கள் நிற்பார்கள். கம்பெனிப் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு முதல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும். பக்கத்தில் இருக்கும் தளியை வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்ததாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். இந்தக் குளிருக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்த பழைய மருந்து, கட்டிப் பழகிய நூல் சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை.

அதற்குத் தெலுங்கு பேசும் வீட்டில் ‘பொந்த’ என்று பெயர். கன்னட வீட்டில் ‘கௌதி’. தமிழ் வீட்டில் ஒட்டுப்போர்வை. மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் என்பதால் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரிந்துவிடும். இப்போது நான்காவதாக ‘குயில்ட்’ என்ற பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. யூடியூப் பார்த்தும், 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டவர்கள் சொல்லும் பெயர். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

என் கட்டிலுக்கடியில் ஐந்து பைகள் இருக்கின்றன. முதல் பையில் சதுரம் சதுரமாக வெட்டிய துணி. இன்னும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. இரண்டாவதில் மேல்துணி முழுதாகத் தைத்தாயிற்று, அடித்துணி இல்லை. மூன்றாவதில் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி நூலோட்டிப் பிடித்து வைத்திருக்கிறேன்; மேலே தையல் ஓடவில்லை. நான்காவதில் எல்லாம் முடிந்து ஓரப்பட்டி மட்டும் பாக்கி. ஐந்தாவது பை என்னுடையதே அல்ல. கெலமங்கலத்தில் இருக்கும் அம்மா பாதி தைத்த பொந்த. கண் மங்கத் தொடங்கியதும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

இது எனக்கு மட்டும் வாய்த்த கதை அல்ல. வெளிநாட்டில் குயில்ட் தைப்பவர்கள் முடியாத வேலைக்கு ‘யு.எஃப்.ஓ.’ என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டுக்குச் சொல்கிற அதே மூன்றெழுத்தை ‘முடிவுறாத பொருள்’ என்று திருப்பிக்கொண்டார்கள். வருடா வருடம் பழைய பைகளை எண்ணி, இத்தனையை முடிப்பேன் என்று சபதம் எடுப்பதும் அவர்களிடம் வழக்கம்.

பர்கூரில் ஐந்தே கால் மீட்டர்

பைகள் ஏன் பெருகுகின்றன என்று தெரிய பர்கூர் வரை ஒருமுறை போய்வந்தால் போதும். ஓசூரிலிருந்து பேருந்து ஏறினால் கொத்தமல்லி, புதினா வாசம் வீசும் சூளகிரி, அதன் பாறைக் குன்றுகள், பிறகு மாந்தோப்புகள், கிருஷ்ணகிரி. அங்கிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் பர்கூர். வரிசையாக ஜவுளிக் கடைகள். ‘குட்டி சூரத்’ என்று இந்தப் பக்கத்தில் சும்மா சொல்வதில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

தையல் பழகிய பெண்ணின் கண், இங்கே சேலையைப் பார்க்காது. துண்டுத் துணியைத்தான் பார்க்கும். ‘இந்த மஞ்சளுக்கு அந்த ஊதாவை வைத்தால்...’ என்று மனசுக்குள் ஆறாவது போர்வை ஓடத் தொடங்கிவிடும். புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும் சந்தோஷம் துணிக்கடையிலேயே கிடைத்துவிடுகிறது. முடிக்கிற வேலைக்கு முதுகுவலிதான் துணை.

போன மாதம் நான் போனது இரண்டாவது பைக்காக மட்டும். போர்வை 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். கடையில் கிடைக்கும் நூல் துணி 44 அங்குல அகலம். சுற்றிலும் நாலு நாலு அங்குலம் கூடுதல் விட்டால், 98 அங்குலத்தில் இரண்டு நீளம் வாங்கி நடுவில் இணைக்க வேண்டும். சுருக்கத்துக்கும் சேர்த்து ஐந்தே கால் மீட்டர். அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அந்த ஒரு துணியோடு திரும்பிவிட்டேன்.

அம்மா சொன்ன கணக்கு

அடித்துணியோடு கெலமங்கலம் போய் அம்மாவிடம் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மேல்துணிய ஒரு மாசம் தெக்கிற. அப்புறம் அடித்துணிக்கு அலையுற. அப்புறம் பஞ்சுக்கு. நான் மூணையும் சேத்தேதான் தெப்பேன். பாதியில விட்டாலும் பாதிப் போர்வை இருக்குமில்ல?”

யோசித்துப் பார்த்தால் விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வகுப்பில் சொல்லித் தரும் குயில்ட் பல கட்டமாகப் பிரிந்தது: வெட்டு, இணைப்பு, அடுக்கு, தையல், ஓரப்பட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு பொருள், வேறு இடம், வேறு மனநிலை வேண்டும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் பை கட்டிலுக்கடியில் போகிறது. அம்மாவின் பொந்தயில் அந்த இடைவெளியே கிடையாது. அடியில் சேலைகளை விரித்து, மேலே துண்டுகளை வைத்து, எல்லா அடுக்கும் ஊசியில் ஒன்றாக ஏறும்படி ஓரத்திலிருந்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருவார். விருந்தாளி வந்தால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுவார். மறுநாள் அந்த ஊசியிலிருந்து தொடங்குவார்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி மக்களும் இப்படித்தான் தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய ‘கவந்த்’ போர்வையும் ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிகிறது. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைக்கும் அலங்காரத்துக்கு ‘பூ’ என்று பெயர். அது இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

கம்பெனி அட்டை

மற்றொரு பதில் எங்கள் ஊர் தொழிற்சாலைகளிலிருந்து கிடைத்தது. 1970-களில் சிப்காட் வந்த பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. இங்கே பாதி வீடுகளில் ஷிஃப்ட் கணக்கில்தான் சமையல் நடக்கும். டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-ல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. ‘கான்பான்’, ‘கைசன்’ போன்ற ஜப்பான் வார்த்தைகள் ஓசூரில் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்துவிட்டவை.

என் வீட்டுக்காரர் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறார். பாதியில் நிற்கும் தையலை குயில்ட்காரர்கள் ‘டபிள்யூ.ஐ.பி.’ என்பார்கள் என்று சொன்னதும், “அட, எங்க லைன்லயும் அதேதான்” என்றார். பாதி முடிந்த பாகங்கள் இயந்திரங்களுக்கு நடுவே குவிந்தால் பணம் முடங்கும், இடம் அடையும், எங்கே கோளாறு என்பதும் தெரியாது. அதற்கு டொயோட்டா கம்பெனியில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த ஏற்பாடுதான் கான்பான் அட்டை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், அலமாரியில் காலியானதை மட்டும் நிரப்பும் முறையிலிருந்து பிறந்த யோசனை. அடுத்த கட்டத்திலிருந்து அட்டை திரும்பி வந்தால்தான் முந்தைய கட்டத்தில் புதிதாக ஒன்று செய்யலாம்.

“கார்டு வராம பீஸ் போடக் கூடாது, அவ்வளவுதான்” என்றார்.

அன்று இரவே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஐந்து அட்டை செய்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று வரி: யாருக்கு, அடுத்த வேலை என்ன, அதற்கு என்ன பொருள் வேண்டும். ‘போர்வையை முடி’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘இடது ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசை, நீல நூல்’ என்று எழுதினால் அரை மணி நேரம் கிடைத்தாலும் கை தானாக வேலைக்குப் போகும். ஒரு கட்டத்தில் ஒரு பைதான். ஒரு அட்டை கிழிந்தால்தான் புதுத் துணி. இந்த விதியின்படி ஓரப்பட்டி பாக்கியிருந்த நான்காவது பை பத்து நாளில் முடிந்தது. அக்கா பேரனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சித்தேரி மலை தாண்டி

அட்டையின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது சிட்லிங்கியை நினைத்தபோதுதான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை நாங்களும் அவர்களும் ஒரே தருமபுரி மாவட்டம். அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே இருக்கும் பள்ளத்தாக்கு. மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் பழங்குடியினருக்காக மருத்துவப் பணி தொடங்கிய இடம். அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. தையலின் பெயரும் போக்கும் தெரிந்தவர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய மூத்த பெண்கள்தான். அவர்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொள்ள, லலிதா ரெஜியின் முயற்சியில் ‘பொர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. லம்பாடி மொழியில் பொர்கை என்றால் பெருமை. இன்று அந்தத் தையல் துணியிலும் பையிலும் ஏறி ஊர் ஊராகப் போகிறது.

ஒரு தலைமுறைக்கு மேல் நின்றுபோன வேலை அது. அடுத்த தையல் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த பாட்டிகள் உயிரோடு இருந்ததால் மறுபடி ஓடியது. அவர்களும் போயிருந்தால், பெட்டியில் பழைய பாவாடை மட்டும் மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் இப்போது என் வரிசையில் அம்மாவின் பை முதலில் நிற்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இந்தக் குளிருக்கு எங்களோடு ஓசூரில் இருக்கிறார். பகலில் ஜன்னலோரம் உட்கார்கிறார். நான் காலையில் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிடுகிறேன். எந்தச் சேலை யாருடையது, எங்கே இரட்டை இழை, மூலையை எப்படி மடிப்பது என்று அவர் தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொல்லச் சொல்ல, என் மகள் அட்டையில் எழுதுகிறாள். அட்டையின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. நடுவுக்கு இன்னும் ஒன்றரை முழம் இருக்கிறது.

உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு பை இருக்கலாம். போர்வைதான் என்றில்லை, பாதி பின்னிய கம்பளியோ, ஒரு பக்கம் மட்டும் பூப்போட்ட தலையணை உறையோ. எல்லாவற்றையும் இந்த மாதமே முடிக்க வேண்டாம். வெளியே எடுத்து, அடுத்த ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதி மேலே குத்தி வையுங்கள். அது அம்மாவோ பாட்டியோ தொடங்கியது என்றால், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.