வாசித்துக் காட்டும் நூல்கள்

சென்ற மாதம் நாம் படித்து முடித்தது அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1977-இல் வெளிவந்த நாவல். சிகந்தராபாத் ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன், 1948-இல் நிஜாம் ஆட்சி முடிவுறுவதைக் காண்கிறான். நாகபுரியில் ரயில்வே குமாஸ்தாவாயிருக்கும் நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை.

நம் மைந்தனுக்கோ தமிழ் செவிக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, இரவுப் பணியில்லாத நாட்களில் உணவுக்குப்பின் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினோம். கிரிக்கெட் வரும் இடங்களை மட்டும் மீண்டும் படிக்கச் சொன்னான்!

அடுத்தது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய நூல், ஐயரவர்கள் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற பகுதியிலிருந்து தொடங்க எண்ணியுள்ளோம். ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பையும் பையனே எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் மேலே வாசிக்கலாமென்று இல்லாள் நிபந்தனை விதித்திருக்கிறாள்.