ஷில்லிங் அடுப்பு, நூல் சேலை, ஒரு புறா

திங்கள், இரவு

சாம் செல்வனின் 'தி லோன்லி லண்டனர்ஸ்' மறுபடியும் கையில். 1956-இல் வந்த நாவல். செல்வன் 1923-இல் டிரினிடாடில் பிறந்தவர். அப்பா மெட்ராஸிலிருந்து அங்கே குடிபோன கிறிஸ்தவர். மகன் 1950-இல் லண்டனுக்குப் போனார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அங்கே பிழைக்க வந்தவர்களின் கதைதான் இது.

கலஹாட் என்கிற இளைஞன் குளிர்காலத்தில் வாட்டர்லூ ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான். மேலே மெல்லிசான சூட்டு. ஓவர்கோட், பெட்டி படுக்கை ஒன்றும் கிடையாது. கூட்டிப்போக வந்த மோசஸ் அசந்துபோகிறான்.

கல்லூரிக்குப் போகும் அக்கா மகளின் கைடில், இந்த நாவலில் ஓவர்கோட் என்றால் அந்நியமாதல் என்று போட்டிருக்கிறது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கலஹாட்டுக்குக் குளிர்காலத்தில் புழுங்குகிறது, கோடையில் நடுங்குகிறது! கைடு போட்ட கணக்கை அவன் உடம்பே கலைத்துவிடுகிறதே. கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான் என்று செல்வன் எங்கே சொன்னார்?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அறையில் இருக்கும் காஸ் அடுப்பு. மீட்டரில் ஷில்லிங் போட்டால்தான் எரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள்கள் மோசஸ் அறையில் கூடி ஊர்ப்பேச்சு பேசுகிறார்கள். அந்தக் கதகதப்புக்கும் காசு. லண்டன் எப்படிப்பட்ட ஊர் என்பதை அந்த மீட்டரே சொல்லிவிடுகிறது.

புதன், காலை

பட்டாசு ஆலை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு மதினி தூக்குவாளியோடு ஓடினார். கட்டியிருந்தது நூல் சேலை. பாலியெஸ்டர் கட்டினால் உரசலிலேயே பொறி கிளம்பலாம் என்று வெடிமருந்துப் பக்கம் விடமாட்டார்கள். 2021 பிப்ரவரி 12-இல் எங்கள் ஊரான இந்த அச்சங்குளத்தில் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். மதினியின் பளபளப்புச் சேலைகள் பீரோவில் கிடக்கின்றன, கல்யாணம் காட்சிக்கு மட்டும். ஒரு நாவலில் இந்த இரண்டு சேலைகளையும் வைத்தால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

புதன், இரவு

மதினியிடம் புறாக் கதையைச் சொன்னேன். வேலையில்லாமல் பட்டினி கிடந்த கலஹாட், பூங்காவில் கொழுத்துத் திரிந்த புறாவை அமுக்குகிறான். நாயோடு வந்த கிழவி பார்த்துக் கத்துகிறாள். ஓடித் தப்பி, மோசஸும் அவனுமாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கிழவிக்கு அது செல்லப் பறவை, இவனுக்குக் கறி.

"பசிச்சவன் பிடிக்காம என்ன செய்வான்? அதுக்குப் போயி அவ்வளவு கூப்பாடா?" என்றார் மதினி. பிறகு, "கொழம்பு வச்சாங்களா, வறுத்தாங்களா?"