பாட்டி மரம்தான் சீவினார்



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், நம்ம பாட்டன்மாருங்க வெறும் மரம் சீவத்தானே இந்த நாட்டுக்கு வந்தாங்க?" என்று ஒரு மாணவன் வினவினான்.

அந்த 'வெறும்' என்ற சொல் என்னைச் சுட்டது. உடனே 1025இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்த வரலாற்றைப் பெருமிதத்தோடு விளக்கினேன். வகுப்பே கைதட்டியது. அவன் மட்டும் தலைகுனிந்து, "என் பாட்டி மரம்தான் சீவினாங்க, டீச்சர்" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையாரும் பால்மரம் சீவியே என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினார். அவரை மறைத்துவிட்டு மன்னரைத் தேடிப் போனது ஏன்?

அப்போது பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் நினைவுக்கு வந்தார். 1930இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், இலங்கையின் கரையோரத்தை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்து, 1958இல் தம் முதல் நூலை வெளியிட்டார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய அவரது நூல் 1970இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக இருந்தபோது, 1986இல் சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றி எழுதினார். 1998இல் மறைந்தார்.

கம்பெனிக்காரர்கள் இலாபக் கணக்குக்காக எழுதி வைத்த ஏடுகளிலிருந்து நம் வணிகர்களின் வாழ்வை மீட்டெடுத்தவர் அவர். கப்பலோட்டிய வணிகரை எழுதிய அதே கை, தோட்டத் தொழிலாளரையும் எழுதியது. ஒருவரை உயர்த்த மற்றவரை மறைக்கவில்லை. வரலாற்றாசிரியரின் நேர்மை அதுவே என்று உணர்ந்தேன்.

மறுநாள் அம்மாணவனிடம் வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன். 1910இல் முடிவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிமுறை, கங்காணிகள் ஆள் திரட்டிய விதம், 1938இல் இந்திய அரசு விதித்த தடை ஆகியவற்றை எளிமையாக விளக்கினேன். பிறகு, வீட்டுப் பெரியவர் ஒருவரின் உழைப்பைக் கேட்டு எழுதி வருமாறு கூறினேன்.

அவன் இரண்டு பக்கம் எழுதி வந்தான். விடியுமுன் எழுந்தது, நெற்றி விளக்கு, கொசுக்கடி, மழைநாளில் இழந்த கூலி என எல்லாம் அதில் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் பாட்டியின் முழுப்பெயர் இருந்தது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். அவர்களின் கதை எந்தக் கம்பெனி ஏட்டிலும் இருக்காது. பிள்ளைகளின் கையெழுத்திலாவது இருக்கட்டும்.