அலைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன உடுப்பு?

திருக்கோவிலில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலமளவில் பொத்துவிலில் இறங்கிவிடலாம். தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி என்று போகும் வழியில் இடது பக்கத்தில் கடல் மறைவதும் தெரிவதுமாகக் கூடவே வரும். இலங்கையின் கிழக்கு முனையும் சங்கமன்கண்டியில்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், என் மகளை அறுகம்பைக்குக் கூட்டிச் சென்றது இந்த ஓகஸ்ட் லீவில்தான்.

காரணம் தூரமல்ல. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் வீட்டாருக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைத் தீர்த்தம் மட்டுமே. சித்திர வேலாயுத சுவாமி தீர்த்தமாடியதும் நாங்களும் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு திரும்பிவிடுவோம். என் தங்கையைக் கொண்டுபோன தண்ணீரில் மகள் நின்று விளையாட நான் விட்டதில்லை.

கனடாவிலிருக்கும் தம்பி, தன் மகன் பனிமலையில் பலகை கட்டிச் சறுக்கும் படத்தை அனுப்பியதில்தான் கதை தொடங்கியது. "அவன் பனியில போறான். எங்களுக்குக் கடல் இருக்கு. நான் ஏன் போகக்கூடாதும்மா?" என்று பதினொரு வயது மகள் கேட்டாள். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பனிப்பலகைக்கும் கடலலைதான் தாய் என்பதைப் பிறகு அறிந்தேன். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் என்ற தகப்பன், இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டித் தன் மகளுக்கு விளையாடக் கொடுத்தாராம். அதற்கு அவர் மனைவி 'ஸ்னேர்பர்' என்று பெயர் வைத்தார். பனி, அலை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கலந்த பெயர் அது.

அறுகம்பைப் பாலத்தைச் சுனாமி சேதப்படுத்தியது. இப்போதுள்ள பாலம் 2008இல் திறந்தது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, தென்மேல் காற்றுக் காலத்தில், அலைச்சறுக்கலுக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் இங்கு வருகிறார்கள். 'மெயின் பொயின்ற்' கற்பாறை மேல் உடையும் அலை. அது பழகியவர்களுக்கு. புதியவர்கள் 'பேபி பொயின்ற்' பக்கம் நிற்பார்கள். 2018இல் இங்கே பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்கல் கழகம் உருவானது. நாட்டில் அதுவே முதலாவது. பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் சேர்ந்தார்கள் என்று கேட்டபிறகுதான் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

முதல் நாள் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக இருக்கட்டும் என்று மகளுக்குத் தொளதொளத்த பருத்திச் சல்வாரைப் போட்டு, மேலே அண்ணனுடைய பெரிய டீசேட்டையும் மாட்டிவிட்டேன். இரண்டாவது அலையிலேயே காற்சட்டை நனைந்து பாரமாகி முழங்காலில் சுற்றிக்கொண்டது. விழுந்த பிள்ளையால் எழும்ப முடியவில்லை. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் நான் புடவையோடு ஓடினேன். பழக்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளை எனக்கு முன்னமே அவளைத் தூக்கிவிட்டாள். "அக்கா, இந்த உடுப்போட இனி நான் தண்ணிக்குள்ள விடமாட்டன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் உறுதியாகச் சொன்னாள்.

பக்கத்தில் தன் மகளோடு வந்திருந்த கல்முனை ராத்தா ஒருவர் அன்று எனக்குப் பாடம் எடுத்தார். பருத்தி தண்ணீரைக் குடிக்கும். அதனால் லைக்ரா கலந்த, உடம்போடு ஒட்டிய நீளக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெகின்ஸும் வேண்டும். வயிறும் முழங்காலும் பலகையில் உராய்ந்து புண்ணாகாமல் அவை காக்கும். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கமல்லவா? இங்கே அது உதவாது. தளர்ந்த துணிக்குள் தண்ணீரும் மணலும் புகுந்துவிடும். சட்டையின் கீழ் விளிம்பில் சிறு கண்ணி வைத்துத் தைத்திருந்தால், அதைக் காற்சட்டைக் கயிற்றில் கட்டலாம், மேலே ஏறாது. ராத்தாவின் மகள் தலையில் ஊசி குத்தாமல் ஒரேயடியாக மாட்டும் நீச்சல் ஹிஜாப் போட்டிருந்தாள். துப்பட்டா கூடவே கூடாது. கொலுசு, சங்கிலி, தோடு எல்லாவற்றையும் வீட்டில் கழற்றிவைத்துவிட்டு, தலையை இறுக்கிப் பின்னிவிட வேண்டும்.

சட்டையில் யூ.பி.எஃப் 50 என்றிருந்தால் வெயிலின் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். நிறம் செம்மஞ்சளோ மஞ்சளோ இருக்கட்டும். நீலச் சட்டைக்காரப் பிள்ளையைக் கடலில் தேடிப் பாருங்கள், தெரியும். நம் கடல் சூடானது, ஆகவே தடித்த றப்பர் உடுப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கேயும் பருத்தி கூடாதாம். வியர்வையில் நனைந்தால் குளிர் ஏறிவிடும். உள்ளே கம்பளி, நடுவே சூடான சட்டை, வெளியே தண்ணீர் புகாத மேலுடுப்பு, தலைக்கு ஹெல்மெட் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

பலகையை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கே கிடைக்கும். பிள்ளை வளர வளரப் பலகையும் மாறும். மேலே மென்மையான நுரை போர்த்த பலகையாக, பிள்ளையின் உயரத்தைவிட ஓரடி இரண்டடி நீளமாக இருக்க வேண்டும். கடைத் தம்பி மகளிடம் கொடுத்து, "கமுக்கட்டுக்குள்ள வச்சு நடந்து காட்டுங்க" என்றார். தூக்க முடியாத பலகையை ஆளவும் முடியாதாம். அடியிலுள்ள செதில் வளையும் றப்பரில் இருந்தால் காலைக் கிழிக்காது. காலில் கட்டும் கயிறு பலகையளவு நீளமாக, வெட்டுக்காயம் இல்லாமல் இருக்க வேண்டும். அதைப் பின்னங்காலில்தான் கட்டுவார்கள். எது பின்னங்கால் என்றறிய, பிள்ளைக்குத் தெரியாமல் முதுகில் மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். முன்னே வைக்கும் கால் முன்னங்கால். மகள் இடது காலை வைத்தாள்.

கயிறு அறுந்தால் என்ன செய்வது? அதைத்தான் நான் இரவெல்லாம் யோசித்தேன். நம் கரையில் ஆண்பிள்ளைகள் தாமாகவே நீந்தப் பழகிவிடுகிறார்கள். பெண்பிள்ளைக்குப் பழக்குகிற வீடு எத்தனை? தங்கைக்கும் எனக்கும் யாரும் பழக்கவில்லை. முதல் நான்கு நாளும் பலகையை வைத்துவிட்டு நீச்சல் மட்டும் என்று சொல்லிவிட்டேன். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியேற வேண்டும் என்பதையும் அந்தப் பெண்பிள்ளை சொல்லிக்கொடுத்தாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் மகள் பலகையில் எழுந்து நின்றாள். மூன்று எண்ணுவதற்குள் விழுந்துவிட்டாள். நான் முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுதான் எண்ணினேன்.

செம்மஞ்சள் சட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் போட்டிருக்கிறேன். வெயிலில் போட்டால் இழுவை போய்விடும். செப்டெம்பரில் இன்னும் இரண்டு சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறோம். மாரி தொடங்கினால் கடல் குழம்பிவிடும்.