விளக்கு கேட்ட கேள்வி

"ஏத்தா, மூணு மாசமா ராத்திரி கண் முழிச்சுப் படிச்சியே, இந்த லைட்டு ஏன் பத்து நிமிஷத்துல மங்கிப் போகுதுன்னு பாரேன்!"

மாமியார் எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். பாலவனத்தம் வந்து, மகனும் பிறந்து, புத்தகமெல்லாம் பரணில் ஏறிவிட்டன. அப்போதுதான் தோழி ஒருத்தி என்.பி.டி.இ.எல். பற்றிச் சொன்னாள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். பாடத்தை இலவசமாகவே பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். மின்னணுவியலில் 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன்.

பிள்ளை தூங்கிய பிறகுதான் வகுப்பு. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது; மொட்டைமாடியில் பாய் விரித்து உட்காருவேன். பிள்ளை அழுதால் பேராசிரியரை அப்படியே நிறுத்திவிட்டு, பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி கேட்கலாம். எந்தக் கல்லூரியில் இந்தச் சலுகை உண்டு, சொல்லுங்கள்! வாராவாரக் கணக்குகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேர்வன்று மையத்து வாசல் வேப்பமரத்தடியில் பிள்ளையை மூன்று மணி நேரம் வைத்திருந்தது இதே மாமியார்தான். 62 வாங்கினேன்.

அந்த 62-ஐ வைத்துக்கொண்டு ஒரு விளக்கைத் திறக்கத் தெரியவில்லை! மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்க நாலு டயோடை எப்படி இணைப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் வரைவேன். உள்ளே எது டயோடு என்று விரல் வைத்துக் காட்டத்தான் முடியவில்லை. திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் 'வர்ச்சுவல் லேப்'பிலும் பழகியவள்தான் நான். ஆனால் அங்கே தப்பாக இணைத்தால் ஒன்றும் கருகாது, விரலும் சுடாது. 2020-ல் கொரோனாவால் கல்லூரிகளை மூடியபோது, பொறியியல் படித்த என் தம்பி, "லேப்புக்குப் போகாமலே லேப் பாஸ், அக்கா!" என்று சிரித்தான். அது இப்போதுதான் உறைத்தது.

அருப்புக்கோட்டையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உக்காரும்மா தங்கச்சி" என்றார். சால்டரிங் அயர்ன் பிடிபடவே இரண்டு வாரமானது. ஒரு தடவை சுட்டும் கொண்டேன். (ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். அண்ணாச்சி முதல் நாளே கண்டிப்பாகச் சொன்ன பாடம் இது.) மூன்றாம் வாரம் விளக்கைப் பிரித்தோம். நாலில் ஒரு டயோடு செத்துக் கிடந்தது. பாட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாமல் இருந்தது அதனால்தான். மாற்றியது நானேதான்!

அடுத்த பாடத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். மாமியார் பழைய மிக்ஸியைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறார்.