எஸ்.பி. ரோட்டில் கற்ற கே.வி.எம். வேலை

பெங்களூரு டவுன் ஹால் பக்கத்தில் எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டர் சாமான் வாங்க ஊரே வந்து போகும் தெரு அது. அங்கே ஒரு மாடிக் கடையில்தான் நான் தொழில் கற்றேன். எனக்கு மிகவும் பிடித்துப்போனது கே.வி.எம். ஸ்விட்ச் வேலை. மேஜையில் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு மானிட்டர். பின்னால் நாலோ எட்டோ கம்ப்யூட்டர்கள். ஸ்விட்சின் பட்டனை அழுத்தினால், பல ஸ்விட்ச் பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டினாலே, அடுத்த கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும்.

கடைக்கார அண்ணா ஆரம்பத்திலேயே சொன்னார்: "திரையில தெரியிற மெஷினப் பத்திக் கவலப்படாத தம்பி. தெரியாம பின்னால நிக்குது பாரு, அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சர்வர் ரூமுக்குப் போனபோதுதான் அது எனக்கு முழுசாக விளங்கியது. பழைய மெஷின்கள் ஆன் ஆகும்போதே கீபோர்டைத் தேடும். இல்லையென்றால் எஃப்1 அழுத்தச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். கரண்ட் போய்த் திரும்பும்போது எட்டு சர்வரும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். கீபோர்டு இருப்பதோ ஒன்றிடம். மற்ற ஏழுக்கும் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கீபோர்டின் குரலில் பதில் சொல்வது ஸ்விட்சுக்குள் இருக்கும் சிப். அது இல்லாத மலிவுப் பெட்டி வெறும் வயர் மாற்றி. அதை சர்வருக்கு விற்கவே கூடாது என்பேன்.

மானிட்டர் பக்கமும் இதே கதைதான். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் குறைந்தது 128 பைட்டில் ஒரு குறிப்பு உண்டு: யார் தயாரித்தது, என்ன அளவு, எந்த ரெசல்யூஷன் ஏற்கும். பெயர் இ.டி.ஐ.டி.; வெசா அமைப்பு 1994இல் வகுத்தது. விஜிஏ கேபிளின் 15 ஊசிகளில் 12ஆவது அந்தத் தகவலைக் கொண்டுவரும், 15ஆவது அதற்குத் தாளம் போடும். திரை மங்கல் என்று யாராவது வந்தால் அண்ணா ஸ்விட்சைத் தொடவே மாட்டார். கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, இரண்டு முனையிலும் அந்த இரண்டு ஊசிகளைத் தொடுவார். சத்தம் வராவிட்டால் கேபிள் குப்பைக்கு. மானிட்டர் யாரென்று தெரியாத கம்ப்யூட்டர் ஏதோ ஒரு சின்ன ரெசல்யூஷனில் படத்தை அனுப்பும். எழுத்து மங்காமல் என்ன செய்யும்?

2020க்குப் பிறகு கஸ்டமர் மாறிவிட்டார்கள். ஆபீஸ் லேப்டாப் ஒன்று, சொந்த லேப்டாப் ஒன்று, வீட்டில் ஒரே மானிட்டர். "ஸ்விட்ச் பண்ணித் திரும்பினா விண்டோ எல்லாம் இடம் மாறிக் கிடக்கு" என்பார்கள். பழைய வியாதியேதான்: மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்துக்கொள்கிறது. இ.டி.ஐ.டி.யை நினைவில் வைத்துப் பதில் சொல்லும் ஸ்விட்ச் விலை கூடத்தான், ஆனால் அந்தப் பணம் நியாயமானது.

கம்ப்யூட்டருக்கொரு மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் ஸ்விட்சே வேண்டாம். சினர்ஜி, பேரியர் மாதிரி சாஃப்ட்வேர் கீபோர்டையும் மவுஸையும் நெட்வொர்க் வழியாகவே பகிர்ந்துவிடும். பயாஸுக்குள் மட்டும் அதால் நுழைய முடியாது. நிறைய ஆபீஸ் லேப்டாப்களில் இன்ஸ்டால் செய்யவும் விடமாட்டார்கள்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. தமிழ்99 அமைப்பு கீபோர்டில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒன்றில் போட்டுவிட்டு மற்றதில் போடாவிட்டால், அதே விரல், அதே கட்டை, வருவது ஆங்கிலம். அதனால் பெட்டியை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு மெஷினிலும் நானே ஒரு வரி தமிழ் அடித்துப் பார்க்கிறேன். பிறகு மெயினை அணைத்துப் போட்டு, எல்லாம் எழுகிறதா என்று பார்த்த பின்தான் பில்.