பனியன் நாட்டுக்கு மேலே

கோடை வந்தால் மலைக்குப் போகவேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. மலை என்றவுடன் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். ஏரியிலே படகு, குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி, வீட்டுக்காரருக்குக் கம்பளிக் குல்லாய், திரும்பி வரும்போது பையிலே வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும். நல்ல பிரயாணந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வாரம் உங்களை வேறொரு மலைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். அங்கே படகும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும் அந்த மலைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அது என்ன சொந்தம் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

நாம் புறப்படும் இடம் பெருமாநல்லூர். சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் பெரிய சாலையும், திருப்பூரிலிருந்து கோபிச்செட்டிபாளையம் போகும் சாலையும் இங்கேதான் கை குலுக்கிக் கொள்கின்றன. ஊருக்குப் பெருமை கொண்டத்துக் காளியம்மன். பங்குனி மாதம் குண்டம் இறங்க வரும் கூட்டத்தைப் பார்த்தால், கொங்கு நாடே இங்கே வந்துவிட்டதோ என்று தோன்றும். மற்ற நாட்களில் இங்கே தெய்வம் பனியன்தான். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தையல் மெஷின்களின் சத்தம். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள், செக்கிங், பிசிறு வெட்டுதல், அயர்னிங் என்று பள்ளிக்கூடத்துப் பாடம் போல ஊரே இந்த வார்த்தைகளை ஒப்பிக்கிறது. "இன்றைக்கு வேலை எவ்வளவு நேரம்?" என்று இங்கே யாரும் மணிக் கணக்கில் சொல்வதில்லை. "ஒன்றரை ஷிப்ட்" என்பார்கள், "ரெண்டு ஷிப்ட்" என்பார்கள். திருப்பூர் வட்டாரத்திலிருந்து 2024-25ல் வெளிநாடுகளுக்குப் போன பின்னலாடை ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் பெறும் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

சரி, வடக்கே போகும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். குன்னத்தூர் தாண்டும் வரை வறண்ட மேட்டு நிலம். பனைமரமும் வேலியும் சோளக்காடுமாகப் போகும். கோபி நெருங்க நெருங்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. நெல் வயல், வாழை, மஞ்சள், தென்னந்தோப்பு என்று பூமாதேவி பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு நிற்பாள். பவானி ஆற்றின் கருணை அது. பெருமாநல்லூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் சத்தியமங்கலம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் நீல நிறத்தில் சுவர் எழுப்பியது போல மலைத் தொடர். அதுதான் நாம் போக வேண்டிய இடம்.

சத்தியமங்கலத்திலிருந்து மலை ஏற இரண்டு பாதைகள். ஒன்று பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பம், ஆசனூர், தாளவாடி என்று மைசூர்ப் பக்கம் போவது. மற்றொன்று கெம்பநாயக்கன்பாளையம் வழியாகக் கடம்பூர் மலைக்குப் போவது. முதல் பாதையில் லாரிகளும் சுற்றுலாக் கார்களும் ஓயாமல் ஓடும். நாம் இரண்டாவதில் போகலாம். காரணம் இருக்கிறது.

கடம்பூர் ஒரு சின்னக் கடைத்தெரு. அதற்கப்பால் குன்றி, மாக்கம்பாளையம் என்று காட்டுக்குள்ளே ஊர்கள். மக்காச்சோளமும் ராகியும் விளையும் மேட்டுக் காடுகள். காட்டின் நடுவே மூங்கில் பரண்கள் தெரிகின்றன அல்லவா? குழந்தைகள் விளையாடக் கட்டியவை என்று நினைத்துவிடாதீர்கள். கதிர் முற்றும் காலத்தில் யானைகள் இறங்கும். அப்போது குடும்பத் தலைவன் இராத்திரி முழுவதும் அந்தப் பரண் மீது தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே குடிசையில் தாயும் குழந்தைகளும். ஒரே இரவில் ஒரு வருஷச் சோற்றை யானை தின்றுவிட்டுப் போய்விடும். இந்தக் காடுகள் 2013ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. புலியும் யானையும் பிழைக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. அவற்றோடு தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மனிதர்களும் பிழைக்க வேண்டுமே!

யார் இந்த மனிதர்கள்? ஊராளிகள், சோளகர், இருளர், மலையாளிகள். ஊராளிகளின் பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்து வரும். சோளகரின் உறவினர் மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையிலும் இருக்கிறார்கள். தேன், நெல்லிக்காய், கடுக்காய், பூச்சக்காய், கல்பாசி, சீமார்ப் புல் என்று காடு கொடுப்பதைச் சேகரித்து விற்பதும், கொஞ்சம் பயிர் செய்வதும், கூலிக்குப் போவதுமாக இவர்கள் ஜீவனம் நடக்கிறது. நம் அடுக்களையில் பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதைப் பாறையிலிருந்து சுரண்டி எடுத்தவள் இப்படிப்பட்ட மலையில் இருக்கும் ஒரு தாயாக இருக்கலாம்.

மாக்கம்பாளையம் போகிற வழியில் இரண்டு ஓடைகள் குறுக்கிடுகின்றன. சர்க்கரைப்பள்ளம் ஒன்று, குரும்பூர்ப்பள்ளம் மற்றொன்று. பெயரென்னவோ தித்திப்புத்தான். மழை பெய்தால் வெள்ளம் புரண்டு ஓடும், பஸ் அந்தக் கரையிலேயே நின்றுவிடும். இப்படி நின்று நின்று போன மழைக் காலங்கள் எத்தனையோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீடு திரும்ப முடியாது. வாத்தியார் பள்ளிக்கூடம் வந்து சேர முடியாது. பிரசவ வேதனை மழைக்காக ஒரு நாள் தள்ளிப் போகுமா, சொல்லுங்கள்? சாலை எட்டாத மலை ஊர்களில், இரண்டு மூங்கில்களுக்கு நடுவே போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் கர்ப்பிணியைக் கிடத்தித் தோளில் சுமந்து இறங்குவார்கள். நம் வீடுகளில் தொட்டில் என்றால் குழந்தை பிறந்த பிறகு கட்டுவது. மலையிலே குழந்தை பிறப்பதற்கு முன்பே, தாய்க்கே கட்டவேண்டி வருகிறது.

இன்னொரு துன்பமும் இந்த மலைகளை ஆட்டி வைத்தது. வீரப்பனைத் தேடித் தமிழ்நாட்டு, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படை காட்டைச் சல்லடை போட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாம் பத்திரிகையில் அதைத் தொடர்கதை போலப் படித்தோம். மலைவாசிகளுக்கோ அது கதையல்ல. "அவனுக்குச் சோறு போட்டாயா?" என்று ஒரு பக்கம் சந்தேகம், "போலீசுக்குத் தகவல் சொன்னாயா?" என்று மறு பக்கம் பயம். அப்போது நடந்த கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. வீரப்பன் 2004ல் கொல்லப்பட்டான். பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது 2007ல். பணம் வரலாம். விசாரணை முகாமில் ஒரு பெண் பட்ட அவமானத்துக்கு ஈடு எது?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது ஒரு காகிதத்தின் கதை.

மலையாளிகள் என்று சொன்னேனே, அவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஏற்காடு, கல்வராயன் மலை, கொல்லிமலை, ஜவ்வாது மலை எங்கும் இருப்பவர்கள் இவர்கள்தாம். சர்க்காரின் பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. தர்மபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களில் இருந்தால்தான் பழங்குடி! கோவை ஜில்லா அந்த வரிசையில் இல்லை. 1979ல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டுக்கும் அதே விதி. ஆகவே கடம்பூர் மலையிலும் பர்கூர் மலையிலும் இருக்கும் மலையாளிகள் பழங்குடிகள் அல்லவாம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகப்பனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைச் சேலத்து மலையில் தன் சாதியிலேயே ஒருவனுக்குக் கொடுத்தான். இளையவளைக் கடம்பூர் மலையில் கொடுத்தான். இருவருக்கும் பெண் குழந்தை பிறந்தது. அக்காள் மகள் பழங்குடி. தங்கை மகள் பழங்குடி அல்ல. ஒரே பாட்டன், ஒரே குலதெய்வம், ஒரே ராகிக் களி. நடுவில் ஜில்லா எல்லை என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காட்டுக்கும் தெரியாது, யானைக்கும் தெரியாது. ஆபீசுக்குத்தான் தெரியும்.

'ஒரு காகிதம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று?' என்று கேட்பீர்கள். முழுகித்தான் போகிறது. அந்தக் காகிதம் இருந்தால் உதவித் தொகை உண்டு, காலேஜில் ஒதுக்கீடு உண்டு, வேலையில் ஒதுக்கீடு உண்டு. நிலத்துக்கும் அதே கதை. 2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடியாக இருந்தால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத வனவாசியானால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். காட்டுக்குள் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? தாத்தா காலத்து ரசீது ஏது? பட்டியலில் இருப்பவர்களுக்கும்கூடத் தமிழ்நாட்டில் வழக்குகளால் பல ஆண்டுகள் தடை ஏற்பட்டு, 2016க்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். ஒரு கையெழுத்துக்காக மலையிலிருந்து இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, "அடுத்த வாரம் வா" என்ற பதிலோடு மறுபடி மலை ஏற வேண்டும்.

பட்டியலைத் திருத்தப் பார்லிமெண்ட்டால்தான் முடியும். முடியாத காரியமும் அல்ல. நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் 2023ல் அப்படித்தான் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் திருத்தத்தில் ஈரோட்டு மலையாளிக்கு இடமில்லை.

இனி அந்தத் தங்கை மகளைத் தொடர்ந்து போவோம். ப்ளஸ் டூ வரை எப்படியோ படித்துவிட்டாள். காலேஜுக்குச் சான்றிதழ் இல்லை, பணமும் இல்லை. வீட்டில் ராகியை யானை தின்றுவிட்டது. பிறகு என்ன? மலையடிவாரத்தில் பஸ் ஏறுகிறாள். சத்தியமங்கலம், கோபி, குன்னத்தூர். நாம் வந்த அதே வழிதான், திசை மட்டும் வேறு. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட உட்காருகிறாள். முன்பு நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மூன்று வருஷம் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி, வறண்ட ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பெண்களை அழைத்து வந்தார்கள். வெளியே போக அனுமதி இல்லை, உடம்பு சரியில்லாமல் நடுவில் நின்றுவிட்டால் தொகையும் இல்லை என்று புகார்கள் எழுந்தன. கல்யாணத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் மூன்று வருஷத்தை வாங்கிக்கொள்வது என்ன மங்களம், நீங்களே சொல்லுங்கள்!

வேலைக்கு வருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. திருப்பூர் எத்தனையோ ஏழை வீடுகளில் அடுப்பெரிய வைத்த ஊர். சொந்தச் சம்பாத்தியம் பெண்ணுக்குத் தரும் தைரியத்தை வேறெதுவும் தராது. படிக்க விரும்பியவள் படித்துவிட்டு வரட்டும். வேலைக்கு வர விரும்பியவள் மனமுவந்து வரட்டும். ஒரு காகிதம் இல்லாத குற்றத்துக்காக வரவேண்டாம் என்கிறேன். அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒரு சொந்தம் இருக்கிறது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். துணியை வெளுக்கவும் சாயம் ஏற்றவும் தண்ணீர் வேண்டும். நொய்யல் ஆறு சாயத்தில் கெட்டுப்போனது ஊரறிந்த கதை. 2011ல் சாயப் பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்றாயிற்று. திருப்பூருக்குக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பவானியிலிருந்து. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி, இந்த வட்டாரத்துக் குளம் குட்டைகள் 1,045க்குத் தண்ணீர் விட்டார்களே, அதுவும் பவானித் தண்ணீர்தான். நீலகிரிப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை மாயாறாகவும் பவானியாகவும் ஓடி, 1955ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் சேர்ந்து, நம்மிடம் வருகிறது. அந்தக் காடுகளையெல்லாம் உயிரோடு வைத்திருப்பதில் மலைவாசிகளுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் இறங்கி வர நாம் வழி செய்துவிட்டோம். நியாயம் ஏறிப் போகத்தான் இன்னும் வழி செய்யவில்லை.

வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? சட்டத்தைத் திருத்த நம்மால் ஆகாது. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "ஈரோட்டு மலையாளிக்குச் சான்றிதழ் என்ன ஆயிற்று?" என்று ஒரு கேள்வி கேட்க ஆகும். உங்கள் வீட்டுக்காரர் கம்பெனி நடத்துகிறவரானால், வேலைக்கு வந்த பெண் தபால் மூலம் மேலே படிக்க ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்கச் சொல்ல ஆகும். மலைத் தேனும் ராகியும் வாங்கும்போது நாலு காசு பேரம் பேசாமல் இருக்கவும் ஆகும்.

இதுவும் முடியவில்லையா? பெருமாநல்லூர் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவாள். அவளை எழுப்ப வேண்டாம். விழித்த பிறகு கேளுங்கள்: "எந்த ஊரு அம்மிணி? எது வரைக்கும் படிச்சே?"